சுருள் ஆன்டெனாவா, நேர் கம்பியா? 145 மெகாஹெர்ட்ஸில் நீங்களே அளந்து ஒப்பிட முழுமையான வழிகாட்டி

காரிமங்கலத்தில் மொட்டை மாடியில் நிற்கிறார் ஒரு தம்பி. கையடக்க ரேடியோவில் குட்டையான ஹெலிகல், அதாவது சுருள் ஆன்டெனாவைத் திருகி, காவேரிப்பட்டணத்தில் இருக்கும் நண்பரைக் கூப்பிடுகிறார். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு நீளக் கம்பியை மாட்டுகிறார். "இப்ப எப்படி இருக்குண்ணா?" "நல்லா இருக்கு தம்பி, முன்னைக்கு இப்ப கொஞ்சம் தெளிவு." உடனே நோட்டில் எழுதிக்கொள்கிறார்: நேர் கம்பி சிறந்தது.

முடிவு சரியாகவே இருக்கலாம், ஆனால் இது அளவு இல்லை. எஃப்எம்மில் சிக்னல் ஓரளவு பலமாகிவிட்டால் அதற்கு மேல் 10 டெசிபல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அலகு) கூடினாலும் குறைந்தாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒப்பீட்டில் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேலையின் வரிசைதான் தவறாக இருக்கும். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள்

இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒரே அடித்தளத்தின் மேல் வைத்தால் சுருள் எவ்வளவு, நேர் கம்பி எவ்வளவு என்பது முதல் கேள்வி. கையில் பிடித்த ரேடியோவில் மாட்டினால் எவ்வளவு என்பது இரண்டாவது. இரண்டின் விடையும் ஒன்றாக இருக்காது. செங்குத்துக் கம்பி ஆன்டெனாவின் பாதி, அடியில் இருக்கும் உலோகத் தளம்தான். கையடக்க ரேடியோவில் அந்தத் தளம் ஒரு சாண் அளவுப் பெட்டியும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும் மட்டுமே.

முதல் கேள்வியை முதலில் முடியுங்கள். அதில் மாறுவது ஆன்டெனா மட்டும்தான். கையோடு ஆரம்பித்தால் ஆன்டெனாவை அளக்கிறீர்களா, நீங்கள் நிற்கும் விதத்தை அளக்கிறீர்களா என்றே தெரியாது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுவோம். செயற்கைக்கோளுக்குப் பயன்படும் பெரிய சுருள் ஆன்டெனாவில் ஒரு சுற்றின் சுற்றளவே ஏறக்குறைய ஒரு அலைநீளம் இருக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர், ஆகவே அந்தச் சுருளின் விட்டம் 66 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். அது தன் அச்சின் திசையில் வீசும். நாம் பேசுவது விரல் தடிமன் சுருள். இது நேர் கம்பியைப் போலவே பக்கவாட்டில் சுற்றிலும் வீசும். பெரிய சுருளின் பலன்களைப் படித்துவிட்டு இந்தக் குட்டைச் சுருளிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கானது, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கானது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகிறவரிடம் அமெச்சூர் உரிமம் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. உரிமம் இன்னும் வரவில்லையா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது, 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

சாமான்கள்: ஒரு நானோ விஎன்ஏ (ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் சின்னக் கருவி), ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் மாட்டும் ரேடியோ ரிசீவர்), அதை ஓட்ட ஒரு லேப்டாப், சிக்னலைத் தெரிந்த அளவுக்குக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் இரண்டு, ஒரு எஸ்ஓ-239 சாக்கெட், இரண்டு பிஎல்-259 பிளக், 5 மீட்டர் கோஆக்ஸ் கேபிள், கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் நாலைந்து.

நேர் கம்பிக்கு கேஸ் வெல்டிங் கடையில் கிடைக்கும் பித்தளை ராடு போதும், பிளக்கின் நடு ஊசிக்குள் நுழையும் தடிமனாகப் பார்த்து வாங்குங்கள். சுருளுக்கு 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி 2 மீட்டர். இதற்காக ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம். போர்வெல் மோட்டார் எரியாத நாளே இல்லாத ஊர் நம்முடையது, எந்த மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டாலும் துண்டுக் கம்பி எடை போட்டுக் கொடுப்பார்கள். சுற்றுவதற்கு 20 மில்லிமீட்டர் பிவிசி ஒயரிங் பைப் ஒரு அடி.

அடித்தளத்துக்கு 4 அடிக்கு 4 அடி ஜிஐ ஷீட் ஒன்று. ஷீட்டுக்குப் பதில் ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலு பக்கமும் ரேடியல் கம்பியைச் சாய்வாகத் தொங்கவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் நிரந்தரமாக வைக்க அது நல்ல முறைதான், இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் ஆகாது. சாய்ந்த ரேடியல்களும் சேர்ந்து அலை வீசும். மேலே சுருள் என்ன செய்தாலும் கீழே அரை மீட்டர் ரேடியல்கள் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும், சுருள் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். தட்டையான தகட்டில் அந்த உதவி கிடைக்காது.

3. நேர் கம்பியை முதலில் செய்யுங்கள்

இதுதான் நம் அளவுகோல், இதன் நடத்தை கணக்கில் சொன்னபடியே இருக்கும். இது ஒழுங்காக வராவிட்டால் தவறு அடித்தளத்திலோ கேபிளிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுருளுக்குப் போவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஷீட்டின் நடுவில் துளையிட்டு எஸ்ஓ-239 சாக்கெட்டை, வாய் மேலே பார்க்கும்படி நாலு போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் உட்காரும் இடத்தை எமெரி தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டு இறுக்க வேண்டும். துரு மேலேயோ பெயின்ட் மேலேயோ இறுக்கினால் காற்றில் ஷீட் ஆடும்போதெல்லாம் அளவும் ஆடும். கேபிளின் நடுக்கம்பியைச் சாக்கெட்டின் அடியில் சால்டர் வைத்து, வெளிப்பின்னலை ஒரு போல்ட்டோடு சேர்த்து இறுக்குங்கள். பின்னலின் வால் 1 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

ராடு நீளத்துக்குக் கணக்கு: 71.25 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கால் அலை கிடைக்கும். 145-க்கு 49 சென்டிமீட்டர். பிளக்கின் வாயிலிருந்து 53 சென்டிமீட்டர் இருக்கும்படி சால்டர் வைத்துவிட்டு, பிறகு நானோ விஎன்ஏவில் (அதை அளவு பிடிப்பது 4-ஆம் பகுதியில்) எஸ்டபிள்யூஆர் 145-இல் மிகக் குறையும் வரை நறுக்கிக்கொண்டே வாருங்கள். எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம். நறுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ரேடியோவும் கேபிளும் எதிர்பார்ப்பது 50 ஓம், ஆனால் இந்த ஷீட்டின் மேல் நேர் கம்பி சரியாக 50 ஓம் காட்டாது. மிகப் பெரிய உலோகத் தளத்தின் மேல் கால் அலைக் கம்பியின் கணக்கு 36 ஓம், சின்ன ஷீட்டில் இன்னும் கீழே இறங்கும். எஸ்டபிள்யூஆர் 1.5-லிருந்து 2 வரை காட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். 2 என்றாலும் இழப்பு அரை டெசிபல்தான். அதை 1.1 ஆக்க வேண்டும் என்று ராட்டை வளைத்தும் ஷீட்டை மடக்கியும் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

4. நானோ விஎன்ஏவை எங்கே நின்று அளவு பிடிக்கிறீர்கள்

கேலிப்ரேஷனை, அதாவது கருவிக்கு அளவு பிடிப்பதை, கேபிளின் ஆன்டெனா முனையில் செய்ய வேண்டும், கருவியின் வாயில் அல்ல. கருவியின் வாயில் செய்தால் 5 மீட்டர் கேபிளும் சேர்ந்து அளவாகிவிடும். கேபிளின் இழப்பு எஸ்டபிள்யூஆரை உண்மையைவிட அழகாகக் காட்டும். நம் கேபிள் சாக்கெட்டில் சால்டர் ஆகிவிட்டதால், ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு மூன்றையும் அந்த எஸ்ஓ-239 சாக்கெட்டிலேயே மாட்டி அளவு பிடியுங்கள். லோடுக்கு ஒரு அடாப்டர் வேண்டியிருக்கும்.

அதன் பிறகு ஷீட்டுக்கு அடியில் கேபிள் தொடங்கும் இடத்தில் ஃபெரைட் வளையங்களை மாட்டுங்கள். இனி ஒரு சோதனை: கேபிளைக் கையால் பிடித்து அரை மீட்டர் தள்ளித் தள்ளித் தடவிக்கொண்டே போங்கள். திரையில் கோடு நகரவே கூடாது. நகர்ந்தால் கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. வளையத்தைக் கூட்டுங்கள். இந்தச் சோதனை தேறாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

5. சுருளைச் சுற்றுவது: இங்கேதான் பொறுமை வேண்டும்

20 மில்லிமீட்டர் பைப்பில் 15 சென்டிமீட்டர் உயரச் சுருள் 145-இல் ஒத்திசைய (அந்த அலைவரிசைக்கு இயல்பாக ஈடுகொடுக்க), கணக்குப்படி ஏறக்குறைய 15 சுற்று வேண்டும். சுற்றுக்குச் சுற்று 1 சென்டிமீட்டர் இடைவெளி, கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். நீங்கள் 18 சுற்றோடு தொடங்கி மேல் முனையிலிருந்து குறைத்துக்கொண்டே வாருங்கள். கம்பி நீளமும் கால் அலை, அதாவது அரை மீட்டர்தானே இருக்க வேண்டும் என்று அளந்து வெட்டுகிறவர்கள் நிறைய. சுருட்டிய கம்பியில் அந்தக் கணக்கு எடுபடாது, ஏறக்குறைய இரண்டு மடங்கு கம்பி பிடிக்கும்.

பைப்பில் 1 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டுக்கொண்டு, கம்பியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, இழுத்துப் பிடித்தபடி பைப்பைச் சுழற்றிக்கொண்டே அந்த முனையை நோக்கி நடந்து போனால் சுற்று தளராமல் விழும். எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைத்தால் பார்வைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது. முனையில் 1 சென்டிமீட்டருக்குப் பிளேடால் செம்பு மின்னும் வரை சுரண்டுங்கள்.

இப்போது பிளக்கில் மாட்டி நானோ விஎன்ஏவில் பாருங்கள். ஒத்திசைவில் எஸ்டபிள்யூஆர் 10-க்கு மேல் நிற்கும். புதியவர்கள் பயந்துபோய்ச் சுருள் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுகிற இடம் இதுதான். பிரிக்காதீர்கள். நல்ல சுருள் அப்படித்தான் காட்ட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். குட்டை ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வீசப்படும் சக்தியைக் குறிக்கும் ஓம் எண், உயரத்தின் வர்க்கத்தோடு சுருங்குகிறது. ஒத்திசைந்த சுருளுக்கு 640-ஐ உயரம் வகுத்தல் அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். 0.15-ஐ 2.07-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி 640-ஆல் பெருக்குங்கள், 3.4 ஓம் வருகிறது. பெரிய தளத்துக்கு இது, சின்ன ஷீட்டில் இன்னும் குறையும். செம்புக் கம்பியின் இழப்பு இதோடு சேர்ந்து மொத்தம் 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் 50-க்கு 4, எஸ்டபிள்யூஆர் 12-க்கு மேல். அப்படியே விட்டால் பொருந்தாமையால் மட்டுமே 5.6 டெசிபல் போய்விடும்.

அதனால் மேட்சிங், அதாவது இந்த 4 ஓமை 50 ஓம் போலக் காட்டும் ஏற்பாடு வேண்டும். அது பெரிய வேலை இல்லை. அதே 18 கேஜ் கம்பியில் 1 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரே ஒரு வளையம் செய்து, ஒரு முனையைச் சுருளின் அடியிலும் மறு முனையைப் பிளக்கின் உடலிலும் சால்டர் வையுங்கள். இதன் இண்டக்டன்ஸ் சுமார் 14 நானோஹென்றி, நமக்கு வேண்டியதும் 12 முதல் 16 வரைதான். இந்த வளையம் வேலை செய்ய சுருள் ஒரு இழை குட்டையாக இருக்க வேண்டும். எனவே வளையத்தை வைத்த பிறகு மேல் முனையில் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று குறையுங்கள். எஸ்டபிள்யூஆர் பள்ளம் 145-க்கு வந்ததும் வளையத்தை விரலால் கொஞ்சம் நசுக்கியோ விரித்தோ பள்ளத்தை ஆழமாக்குங்கள். நசுக்கினால் இடமும் நகரும், திரும்ப மேல் முனைக்குப் போக வேண்டும். நாலைந்து தடவை மாறி மாறிச் செய்தால் 1.5-க்குக் கீழே வந்துவிடும்.

வளையம் சுருளின் பிளக்கோடுதான் இருக்க வேண்டும், ஷீட்டில் சால்டர் வைத்துவிடாதீர்கள். ஷீட்டில் வைத்தால் நேர் கம்பிக்கும் அது குறுக்கே நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேட்சிங் எதுவும் இல்லாமல் ஒரு குட்டைச் சுருள் எடுத்தவுடன் எஸ்டபிள்யூஆர் 1.2 காட்டி, அதுவும் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அப்படியே காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் மின்தடையான 50 ஓம் டம்மி லோடும் எல்லா அலைவரிசையிலும் 1.0 காட்டும், அது எதையும் வீசுவதில்லை. அந்தச் சுருளில் மெல்லிய எஃகுக் கம்பி இருந்து சக்தியைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது கேபிள்தான் ஆன்டெனாவாக இருக்கலாம். நாம் சுற்றிய செம்புச் சுருளின் எஸ்டபிள்யூஆர் 2-க்குள் நிற்கும் அகலம் கணக்குப்படி ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்தான். நேர் கம்பியை நன்றாக மேட்ச் செய்தால் அதற்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும். சுருளின் குறுகிய அகலம் அதன் குறைதான், ஆனால் அது நேர்மையான சுருள் என்பதற்குச் சாட்சியும் அதுவே.

அகலம் குறுகல் என்பதால் அளவெடுக்கும் அலைவரிசையும் சுருளை ஒத்திசைத்த அலைவரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். 145.0-க்கு ஒத்திசைத்துவிட்டு 145.8-இல் அளந்து, சுருள் மோசம் என்று தீர்ப்பு எழுதுவது நியாயம் இல்லை.

6. இடத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு முனையையும் நிறுத்துங்கள்

கோடையில் வறண்ட ஏரிப் படுகை, அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடு, இப்படி 300 மீட்டர் வெட்டவெளி கிடைக்கிற இடம் பாருங்கள். உயரழுத்த மின்கம்பி, தகரக் கொட்டகை, முள்வேலி பக்கத்தில் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44-க்கு அருகிலும் வேண்டாம். ஒவ்வொரு லாரியும் ஒரு நகரும் கண்ணாடி, அது கடக்கும்போது சிக்னல் ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக் குன்றுகள் அதிகம். குன்றின் அடிவாரத்தில் நின்றால் நேராக வரும் அலையோடு பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் சேரும்.

அனுப்பும் முனை ஒரு கார். கூரை நடுவில் காந்த அடி ஆன்டெனா, உள்ளே ரேடியோ, மிகக் குறைந்த பவர், 1 வாட் தாராளம். கார் நகரக் கூடாது, கதவு திறந்து மூடக் கூடாது, உள்ளே இருப்பவர் அதே இருக்கையில் இருக்க வேண்டும். கையடக்க ரேடியோவைக் கையில் பிடித்தபடி அனுப்பினால் அவர் தோள் மாறும்போதெல்லாம் உங்கள் அளவு மாறும்.

வாங்கும் முனைதான் நம் சோதனை ஆன்டெனா. ஆன்டெனா வாங்குவதில் எப்படியோ அனுப்புவதிலும் அப்படியே, ஆகவே சோதனை முனையில் பொத்தானை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஷீட்டைத் தலை உயரத்துக்கு, இரண்டு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய ஒரு மூங்கில் மேடையில் வையுங்கள். பந்தல் போடுகிறவர்களிடம் கேட்டால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், ஆணிக்குப் பதில் கயிறு போடச் சொல்லுங்கள். தரையிலேயே வைத்தால் நேர் கம்பியின் நடுப்பகுதி சுருளைவிடச் சற்று மேலே இருப்பதே ஒரு சாதகமாகிவிடக்கூடும்.

ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் கட்டாயம். டாங்கிளின் உள்ளீடு சரியாக 50 ஓம் இல்லை. இடையில் அட்டெனுவேட்டர் இருந்தால் அந்தக் குறை அளவுக்குள் வராது.

டாங்கிளின் மென்பொருளில் ஏஜிசி (பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) என்று எங்கெல்லாம் இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்து, கெயினை, அதாவது பெருக்கத்தை, கையால் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் ஏஜிசியின் வேலையே வித்தியாசத்தை மறைப்பதுதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: இன்னொரு 10 டெசிபல் அட்டெனுவேட்டரைச் சேருங்கள். திரையில் சிக்னல் உச்சி சரியாக 10 இறங்க வேண்டும். 6 மட்டும் இறங்கினால் டாங்கிள் நிரம்பி வழிகிறது, கெயினைக் குறையுங்கள்.

7. அளவெடுப்பு: நேர், சுருள், மறுபடி நேர்

ஒவ்வொரு இடத்திலும் மூன்று அளவு. முதலில் நேர் கம்பி, அப்புறம் சுருள், கடைசியில் மறுபடியும் நேர் கம்பி. முதலும் கடைசியும் அரை டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இடையில் ஏதோ மாறிவிட்டது: கார் பேட்டரி இறங்கியிருக்கும், ரேடியோ சூடாகிப் பவர் குறைந்திருக்கும், பிளக் சரியாக இறுகியிருக்காது. அந்த மூன்றையும் அடித்துவிட்டுத் திரும்ப எடுங்கள். மூன்றாவது அளவு நேரத்தை வீணடிப்பதாகத் தோன்றும், ஆனால் மற்ற இரண்டையும் நம்ப முடிவது அதனால்தான்.

அளக்கும்போது எல்லோரும் மேடையிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, எப்போதும் ஒரே இடத்தில் நில்லுங்கள். மனித உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர், இந்த அலைவரிசையில் அது நன்றாகவே குறுக்கிடும்.

ஒரு இடத்தில் எடுத்தவுடன் முடிந்தது என்று மூட்டை கட்டாதீர்கள். நான் தொடக்கத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே இடத்தில் நின்று அளந்து, சுருள்தான் 4 டெசிபல் மேல் என்ற முடிவுக்கு வந்து அதை நம்பவும் செய்தேன். மூன்றாவது வாரம் மேடையை ஒரு முழம் தள்ளி வைத்ததும் முடிவு தலைகீழாக மாறியது. அருகில் ஒரு பம்புசெட் அறையின் தகரக் கூரை இருந்தது. அதிலிருந்து திரும்பி வந்த அலையும் நேர் அலையும் சேர்ந்து, நான் நின்ற இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. அப்படி இரண்டு அலையும் சேர்ந்து சிக்னல் அடங்கிப்போகும் பள்ளத்தின் அடியில் நின்று அளந்தால் ஆன்டெனாவின் உயரத்தில் சின்ன மாற்றம்கூட எண்ணைப் புரட்டிவிடும்.

பள்ளங்கள் சுமார் அரை அலைக்கு ஒன்று, 145-இல் 1 மீட்டருக்கு ஒன்று விழும். அதனால் காரை நோக்கிய கோட்டில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை மேடையை நகர்த்தி, எட்டு இடங்களில் எடுங்கள், 2 மீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நேர் கம்பி அளவுகளின் சராசரியிலிருந்து சுருளைக் கழித்து, அந்த எட்டு வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடம் கோணலாக இருந்தாலும் நடு எண் அசையாது.

ஒரு எடுத்துக்காட்டு. நேர் −31.2, சுருள் −33.0, மறுபடி நேர் −31.0 என்று வந்தால் நேரின் சராசரி −31.1, வித்தியாசம் 1.9 டெசிபல்.

சத்தத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுருளை மாட்டினால் பின்னணி இரைச்சலும் குறையும், அது ஆன்டெனா குறைவாக வாங்குவதால் வரும் அமைதி. நாம் பார்க்க வேண்டியது காரிலிருந்து வரும் சிக்னலின் உச்சி மட்டுமே.

8. உரிமம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி

தருமபுரி பண்பலை 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. எஃப்எம்மில் பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் மொத்தச் சக்தி மாறாது. எனவே அது இலவசமாகக் கிடைக்கும் அசையாத சிக்னல். உச்சியைப் பார்க்காமல், அந்த நிலையத்தின் அகலம் முழுவதற்குமான சக்தியைக் காட்டும்படி மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். நேர் கம்பி 69.5 சென்டிமீட்டர், மற்ற அளவுகளை 1.41-ஆல் பெருக்குங்கள். பள்ளங்களின் இடைவெளியும் ஒன்றரை மீட்டர் ஆகிவிடும், அதற்கேற்ப நகர்த்துங்கள். டவருக்குக் கிட்டத்தில் வேண்டாம், டாங்கிள் தாங்காது. 145-இல் அளப்பவர்களும் நகரத்துக்குள் இந்த நிலையம் டாங்கிளை நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. எண் வந்துவிட்டது, அதை எப்படிப் படிப்பது

நன்றாகச் சுற்றி, நன்றாக மேட்ச் செய்த 15 சென்டிமீட்டர் செம்புச் சுருள், நல்ல தளத்தின் மேல் நேர் கம்பியைவிட ஒன்றிரண்டு டெசிபல்தான் பின்தங்க வேண்டும். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். குட்டையாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா பெரிதாக இழப்பதில்லை. இழப்பே இல்லாத மிகக் குட்டைக் கம்பிக்கும் கால் அலைக் கம்பிக்கும் இடையே கணக்கில் வித்தியாசம் அரை டெசிபலைத் தொடாது. மீதி போவதெல்லாம் கம்பியின் மின்தடை, மேட்சிங், மோசமான தளம் இவற்றால்தான்.

வித்தியாசம் 5, 6 டெசிபலுக்கு மேல் வந்தால் 5-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். வளையம் விட்டுப்போயிருக்கும், அல்லது எனாமல் சரியாகச் சுரண்டியிருக்காது. சுருள் நேர் கம்பியைவிட மேலே வந்தால் கேபிள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

3 டெசிபல் என்றால் பாதிச் சக்தி, 6 என்றால் கால்வாசி. 5 வாட் ரேடியோவில் 6 டெசிபல் இழப்பது, 1.25 வாட் ரேடியோவை வைத்துப் பேசுவதற்குச் சமம். பக்கத்து ஊருக்குப் பேசும்போது இது தெரியாது. தொப்பூர் கணவாயில் மலை மறைவில் நின்று, சிக்னல் விட்டு விட்டு வரும்போது இதே 6 டெசிபல்தான் பேச்சு போகுமா போகாதா என்பதைத் தீர்மானிக்கும்.

10. இப்போது கைக்கு மாற்றுங்கள்

இரண்டாவது கேள்விக்கு முனைகளை மாற்ற வேண்டும். காரின் கூரை ஆன்டெனாவில் இப்போது டாங்கிள், கையடக்க ரேடியோ உங்கள் கையில். ஷீட்டுக்காகச் செய்த சுருளை இதில் மாட்டாதீர்கள், தளம் மாறியதும் அதன் ஒத்திசைவு நகர்ந்துவிடும். ரேடியோவோடு வந்த சுருளையும், அதே இணைப்பில் திருகும் 49 சென்டிமீட்டர் கம்பியையும் ஒப்பிடுங்கள்.

ஒரே இடத்தில் நின்று, ரேடியோவை வாய்க்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, எட்டுத் திசைக்கும் திரும்பித் திரும்பி ஒவ்வொன்றிலும் பத்து விநாடி அனுப்புங்கள். முதுகைக் காட்டும்போது எவ்வளவு இறங்குகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஆன்டெனாவை மாற்றிக் கிடைக்கும் லாபத்தை அது விழுங்கிவிடலாம். பிறகு இடுப்பு பெல்ட்டில் மாட்டியபடி இன்னொரு சுற்று. இங்கேயும் நேர், சுருள், நேர் வரிசைதான்.

கடைசியாக, 49 சென்டிமீட்டர் மெல்லிய ஒயர் ஒன்றை ஆன்டெனா இணைப்பின் வெளி வளையத்தில் மாட்டிக் கீழே தொங்கவிட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள். ரேடியோவுக்குக் குறைந்த பாதித் தளத்தை அந்த வால் கொடுக்கும். வால் இல்லாத நேர் கம்பியையும் வால் உள்ள சுருளையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால், தினமும் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர் சுருளையே வைத்துக்கொண்டு ஒரு முழம் ஒயர் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஒயரை மாட்டும்போது அது இணைப்பின் நடு ஊசியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ரேடியோவின் அனுப்பும் பகுதி போய்விடலாம்.